எச்ஐவி மட்டும், எச்ஐவியோடு ஹெராயினும்: மூளைக்கு என்ன ஆகிறது?

எச்ஐவி மட்டும் இருந்து, மாத்திரையை நாள் தவறாமல் போட்டால் இரத்தத்தில் கிருமி அடங்கிவிடும். மூளையில் லேசான அழற்சி மிஞ்சலாம், மறதி வரலாம். ஆனாலும் வேலை, குடும்பம் எல்லாம் பெரும்பாலும் ஓடும்.

ஹெராயினும் சேர்ந்தால் கதையே வேறு. எச்ஐவி முக்கியமாகக் குடியேறுவது நரம்பு செல்களில் அல்ல, மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவில். அதே செல்களை ஓபியாய்டு வகைப் போதைப்பொருளான ஹெராயினும் சீண்டுவதால் அழற்சி கூடுகிறது. அளவு மீறினால் மூச்சு தளர்ந்து மூளைக்கு ஆக்சிஜன் குறையும். அப்புறம், போடாமல் விட்டுப்போகும் எச்ஐவி மாத்திரைகள். என்னைக் கேட்டால் பெரிய கேடு அதுதான். சிங்கப்பூர் தேக்காவில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரின் மாத்திரை டப்பாவில் செவ்வாய் முதல் வெள்ளிவரை அப்படியே இருந்தது. பார்த்ததும் மனசு கனத்துப்போனது.

சிங்கப்பூரில் ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாக வந்த சுபுடெக்ஸையே சிலர் ஊசியில் ஏற்றினார்கள். 2006இல் அதுவும் தடைசெய்யப்பட்டது.