இங்கிலாந்து ஜிபிக்கு அரசு கவர் போதுமா, யூனியன் சந்தாவும் கட்டணுமா?

இங்கிலாந்தில் ஜிபியாக, அதாவது குடும்ப டாக்டராகச் சேரப்போகும் நம்மாட்கள் வழக்கமாகக் கேட்பது இது: "சிகிச்சையில் தப்பு என்று நோயாளி வழக்குப் போட்டால் நஷ்டஈட்டுக்கு அரசே கவர் தருகிறதே, அப்புறம் எம்டியூ, எம்பிஎஸ் மாதிரி டாக்டர் பாதுகாப்பு யூனியன்களுக்கும் எதற்குத் தண்டம் அழணும்?"

2019 ஏப்ரல் 1-க்கு முன்னால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, சந்தா நம் கையிலிருந்துதான் போனது. 2017 மார்ச்சில் நஷ்டஈட்டைக் கணக்கிடும் தள்ளுபடி விகிதத்தை 2.5-இலிருந்து மைனஸ் 0.75 சதவீதத்துக்கு இறக்கினார்கள். அதாவது, மொத்தமாகக் கொடுக்கும் பணம் வட்டியில் வளராது, விலைவாசியில் தேயத்தான் செய்யும் என்று கணக்கு. வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் நோயாளிக்கான தொகை ஒரேயடியாக எகிறியது, அந்தப் பாரம் சந்தாவில் விழுந்தது. இரவு ஷிஃப்ட் பார்க்கும் லோக்கம்களுக்கு (தற்காலிக டாக்டர்களுக்கு), சந்தா போக என்ன மிஞ்சும் என்று யோசிக்கும் நிலை.

இப்போது என்எச்எஸ்ஸின் (அரசு மருத்துவ சேவையின்) வழக்குகளைக் கவனிக்கும் என்எச்எஸ் ரெசல்யூஷன் நடத்தும் அரசுத் திட்டத்தில் விண்ணப்பமும் இல்லை, சந்தாவும் இல்லை. லோக்கம், நர்ஸ், பார்மசிஸ்ட் எல்லோரும் உள்ளே. சிகிச்சை நடந்த தேதிதான் முக்கியம், நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு வழக்கு வந்தாலும் பரவாயில்லை. முழு இலவசம் என்று நம்பிவிடாதீர்கள், அதற்கான காசை ஜிபி ஒப்பந்தத் தொகையிலேயே சரிக்கட்டிவிட்டார்கள்.

சரி, ஓட்டை எங்கே? காலையில் என்எச்எஸ் நோயாளியைப் பார்க்கிறீர்கள், கவர் உண்டு. மதியம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஆப்பிரிக்கா போகிறவருக்குக் காசு வாங்கிக்கொண்டு மஞ்சள் காய்ச்சல் ஊசி போடுகிறீர்கள், கவர் கிடையாது. டாக்டர்களின் லைசென்ஸைக் கையில் வைத்திருக்கும் ஜிஎம்சியிலிருந்து விசாரணைக் கடிதம் வந்தாலும் இந்தத் திட்டம் எட்டிப் பார்க்காது. அது நோயாளிக்குப் பணம் கொடுக்கும், உங்கள் லைசென்ஸுக்காக வக்கீல் வைக்காது. என்னைக் கேட்டால் ராத்தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கடிதம்தான்.

அதற்குத்தான் யூனியன். ஆனால் அதுவும் இன்சூரன்ஸ் இல்லை: உதவுவதா வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம், அந்தச் சொல்லே பலருக்கு உறுத்தல். தனியார் இன்சூரன்ஸில் எல்லாம் எழுத்தில் இருக்கும், கூடவே உச்சவரம்பும் இருக்கும், பாலிசியை விட்டால் பழைய கேஸுக்குப் பெரும்பாலும் தனியாகப் பணம் கட்டணும். நான் யூனியன் பக்கம்தான், என்எச்எஸ் வழக்குகளைக் கழித்த குறைந்த சந்தாவில்.

வேல்ஸிலும் அதே நாளில் தனித் திட்டம் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் ஜிபிக்கு அப்படி இல்லை, முழுச் சந்தாதான். எல்லை தாண்டி லோக்கம் பார்க்கிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே யூனியனுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.