விரலைக் குறை சொல்லும் முன் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள்

கிட்டார் வாங்கி இந்த மாதத்தோடு நான்கு வருடம் நிறைகிறது. வாங்கியபோது எனக்கு 41 வயது. சென்னையில் கணக்குத் துறை வேலை, வீடு, வயதான அம்மா, பள்ளிக்குப் போகும் பிள்ளை. இவற்றுக்கு நடுவே தினமும் இருபது நிமிடம் ஒதுக்கிக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். அதில் முதல் எட்டு மாதம் வீணாகப் போனது. வயதாலும் இல்லை, விரலாலும் இல்லை. கம்பி இருக்க வேண்டிய உயரத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் மேலே இருந்ததுதான் காரணம். அந்த எட்டு மாதம் இன்னொருவருக்குப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் கிட்டாரை ஒரு கடையில் நாலாயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். பெரிய உடம்பு கொண்ட ட்ரெட்நாட் வகை. "புதுசா கத்துக்கிறவங்களுக்கு இது போதும் மேடம்" என்றார் கடைக்காரர், நானும் நம்பினேன். வாரம் ஒருநாள் வகுப்பில் சேர்ந்தேன். மூன்று, நான்கு வாரத்தில் இடது கை விரல் நுனிகள் காய்த்துவிட்டன, அது எல்லோருக்கும் நடப்பது. ஆனால் அதற்குப் பிறகும் வலி போகவில்லை. சி கார்ட் (சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்படி விரல்களைக் கம்பிகளில் வைப்பது) பிடித்தால் ஐந்து கம்பியில் இரண்டு ஒலிக்காது. இன்னும் அழுத்துவேன், மணிக்கட்டு வலிக்கும். ஆசிரியர் "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளி மாணவர்கள் சுலபமாக வாசிப்பதைப் பார்த்து, நாற்பது வயதில் விரல் இறுகிவிட்டது என்று முடிவு கட்டினேன். கிட்டார் பீரோ மேல் ஏறியது.

இரண்டு மாதம் கழித்து, அலுவலகத் தோழி வீட்டுக்கு வந்தபோது அவள் மகன் அதை எடுத்து வாசித்துப் பார்த்தான். பத்து வருடமாக வாசிப்பவன். இரண்டு நிமிடத்தில் கீழே வைத்துவிட்டு, "ஆன்ட்டி, இதுல எனக்கே எஃப் கார்ட் வரலை" என்றான். என் பிள்ளையின் ஸ்டீல் ஸ்கேலை வாங்கி 12ஆம் ஃபிரெட்டின் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) மேல் வைத்து அளந்தான். தடித்த ஆறாம் கம்பிக்குக் கீழே நாலரை மில்லிமீட்டர் இடைவெளி. அடுத்த வாரம் தன்னுடைய கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தான். அதே சி கார்ட், அதே விரல்கள். ஐந்து கம்பியும் ஒலித்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால் இதை முதலில் செய்யுங்கள். ஸ்டீல் ஸ்கேலை 12ஆம் ஃபிரெட்டின் உலோகத்தின் மேல் நிறுத்தி, கம்பியின் அடிப்பக்கம் வரை அளந்து பாருங்கள். தடித்த ஆறாம் கம்பியில் இரண்டரை மி.மீ., மெல்லிய முதல் கம்பியில் இரண்டு மி.மீ. அளவில் இருந்தால் நிம்மதியாகப் பழகலாம். மூன்றரைக்கு மேல் இருந்தால் தப்பு உங்கள் பக்கம் இல்லை. அடுத்து, ஒரு கம்பியை 2ஆம், 3ஆம் ஃபிரெட்டுக்கு நடுவே அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேல் பாருங்கள். முடியிழை அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். நிறைய இருந்தால் தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை என்று அர்த்தம். எஃப் கார்ட் பலருக்கு வராமல் போவதற்கு இதுவே பெரிய காரணம், ஏனென்றால் அது நட்டுக்கு ஒட்டிய முதல் ஃபிரெட்டில் பிடிப்பது. கடைசியாக, கம்பியை 1ஆம், 14ஆம் ஃபிரெட்களில் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து 7ஆம் ஃபிரெட் அருகே பார்த்தால் கழுத்து எவ்வளவு வளைந்திருக்கிறது என்று தெரியும். தடித்த காகிதம் நுழையும் இடைவெளி போதும்.

இவற்றைச் சரிசெய்வதைத்தான் செட்டப் என்கிறார்கள். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடை ஆலன் கீயால் திருகி வளைவைச் சீராக்குவார்கள், நட்டின் பள்ளத்தை அராவுவார்கள், கீழே பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடிலைத் தேய்ப்பார்கள். 12ஆம் ஃபிரெட் கம்பியின் சரிபாதி என்பதால், அங்கே ஒரு மி.மீ. இறங்க வேண்டுமென்றால் சேடிலில் இரண்டு மி.மீ. தேய்க்க வேண்டும். எனக்கு அறுநூறு ரூபாய் ஆனது. நாலரை, மூன்றாக இறங்கியது. அதற்கு மேல் தேய்க்க அந்தக் கிட்டாரின் சேடிலில் உயரம் இல்லை. ஆனாலும் அந்த மூன்றிலேயே அடுத்த ஒரு வருடம் சந்தோஷமாகக் கற்றேன்.

இரண்டாவது கிட்டார் யமஹா எஃப்எஸ்800. இரண்டு வருடத்துக்கும் மேலாக இதுதான் என் கையில் இருக்கிறது. மேற்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு ஸ்ப்ரூஸ் மரம், கம்பியின் நீளம் 634 மி.மீ. இதை நான் எடுத்ததற்கு முக்கியக் காரணம் உடம்பு சிறியது என்பதுதான். ட்ரெட்நாட்டை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தால் என் வலது தோள் மேலே தூக்கிக்கொள்ளும், அரை மணியில் கழுத்து பிடிக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஒலியில் ட்ரெட்நாட்டின் கனம் கிடையாதுதான். தனியாகப் பாடிக்கொண்டு வாசிப்பவருக்கு அது குறையாகத் தெரியாது. உயரம் குறைவானவர்கள், குறிப்பாகப் பெண்கள், கடையில் நின்று பார்த்துவிட்டு வாங்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்து மடியில் வைத்துப் பாருங்கள். வளையலையும் கழற்றி வையுங்கள், கிட்டாரின் விளிம்பு கீறிப்போகும்.

கம்பி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான கிட்டார்களில் 12 என்று சொல்லப்படும் கட்டுதான் வரும், அதாவது முதல் கம்பி 0.012 அங்குலம். ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவிசை. நான் 10இல் தொடங்கினேன், விரலுக்கு இதமாக இருந்தது, ஒலி மட்டும் கொஞ்சம் தட்டையாக இருந்தது. இப்போது 11 கட்டில் நிலைத்துவிட்டேன். சென்னைக் காற்றில் சாதாரணக் கம்பி எனக்கு ஆறு வாரத்தில் கறுத்துவிடுகிறது, மேற்பூச்சு உள்ளது நான்கு மாதம் வருகிறது. விலை இரண்டு மடங்கு, ஆனாலும் லாபம்தான். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் துடைத்துவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி மேற்பலகை லேசாக உப்பும், கம்பியின் உயரமும் கூடும். அந்த மாதங்களில் "திடீரென்று வாசிப்பு கெட்டுவிட்டதே" என்று தோன்றினால் முதலில் ஸ்கேலை எடுங்கள்.

மற்றவை சின்னச் சின்னச் சாமான்கள். சுருதி சேர்க்க கிளிப் ட்யூனர் கட்டாயம் வேண்டும். கம்பியை மீட்டும் பிக் 0.60 மி.மீ. தடிமன் இருந்தால், எல்லாக் கம்பியையும் சேர்த்து மீட்டும் ஸ்ட்ரம்மிங்குக்கு வளைந்துகொடுக்கும். ஸ்டாண்ட் ஒன்று வாங்கிக் கண்ணெதிரே வைத்தேன். உறைக்குள் இருந்த நாட்களைவிட இரண்டு மடங்கு அதிகம் வாசித்திருப்பேன்.

பயிற்சியில் எனக்கு மிகவும் உதவியது ஜஸ்டின் சாண்டர்கோ என்ற கிட்டார் ஆசிரியர் இணையத்தில் தன் இலவசப் பாடங்களில் சொல்லித்தரும் ஒரு நிமிடக் கார்ட் மாற்றம். இரண்டு கார்ட்களை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்றுகிறோம் என்று எண்ணி எழுதிவைப்பது. ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு முதல் நாள் 7. மூன்றாவது மாதம் 30. ஒரு வருடத்தில் 55. கணக்கு வேலை பார்ப்பவள் என்பதாலோ என்னவோ, இந்த நோட்டு எனக்கு ஆசிரியரைவிடத் தைரியம் கொடுத்தது. அப்புறம், எந்த விரல் நகரத் தேவையில்லை என்று பாருங்கள். சியிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது மோதிர விரல் மட்டும்தான் இடம் மாறுகிறது, மற்ற இரண்டும் அங்கேயே இருக்கலாம். ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் எஃப் பார் கார்டிலும் அப்படித்தான். ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் நசுக்க வேண்டியதில்லை. நடுவில் உள்ள மூன்றை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன, ஆள்காட்டி விரல் ஒலிக்க வைக்க வேண்டியது 6, 2, 1 கம்பிகளை மட்டுமே. விரலின் எலும்புப் பக்கம் படும்படி லேசாகச் சாய்த்துப் பிடித்த அன்றைக்குத்தான் எனக்கு எஃப் வந்தது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தியரி. சிறுவயதில் மூன்று வருடம் பாட்டு கற்றிருக்கிறேன், கீதம் வரை. அது இத்தனை வருடம் கழித்து இப்படிக் கைகொடுக்கும் என்று நினைக்கவே இல்லை. ஒரு கம்பியைச் சும்மா மீட்டினால் அது ச. ஒவ்வொரு ஃபிரெட்டும் ஒரு சுரஸ்தானம். 12 ஃபிரெட் ஏறினால் மேல் ச. ச-விலிருந்து நான்கு ஃபிரெட் தள்ளி அந்தர காந்தாரம், ஏழு தள்ளி பஞ்சமம். ச, க, ப மூன்றும் சேர்ந்தால் மேஜர் கார்ட். காந்தாரத்தை ஒரு ஃபிரெட் இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் மைனர். சி கார்டைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பாருங்கள்: ச, க, ப, ச, க. நாம் பிடிப்பது ஒரு வடிவம் இல்லை, மூன்று சுரங்கள் என்று புரிந்ததும் நூறு கார்ட் படத்தை மனப்பாடம் செய்யும் பயம் போய்விட்டது.

மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் சுரங்கள். அதில் ஒன்று விட்டு ஒன்றாக அடுக்குங்கள். ச-க-ப மேஜர். ரி-ம-த எடுத்தால் மைனர், க-ப-நியும் மைனர். ம, ப இரண்டிலும் தொடங்கினால் மேஜர், த-வில் மைனர், நி-யில் மட்டும் டிமினிஷ்டு என்ற வேறொரு வகை. ஒரு பாட்டில் எந்தெந்தக் கார்ட் சேர்ந்து வரும் என்பதற்கு இந்த ஒரு வரிசை பெரும்பாலும் போதும். அதே சுரங்களை த-விலிருந்து தொடங்கினால் நடபைரவி, அதாவது நேச்சுரல் மைனர். ரி-யிலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா. மோட் என்று புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்குவது ச-வை வேறு சுரத்துக்கு மாற்றிப் பார்க்கும் நம் கிரக பேதம்தான். ராகம் என்பது சுர வரிசையோடு முடிவதில்லை, சுரத்தை அசைத்தும் இழைத்தும் பாடும் கமகம் இல்லாமல் அது ராகமே இல்லை. ஆனாலும் வாசலைத் திறக்க இந்த ஒப்பீடு போதும். கமகத்தையும் கிட்டாரில் கொண்டுவர முடியும் என்று தெரிந்துகொள்ள கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் ஆர். பிரசன்னாவின் வாசிப்பைக் கேளுங்கள்.

பாட்டு கற்ற காதுக்கு ஒரு சங்கடமும் உண்டு. ட்யூனர் எல்லாம் சரி என்று காட்டும், ஆனால் இ மேஜர் கார்ட் கொஞ்சம் உறுத்தும். மூன்றாம் கம்பியைத் துளி இறக்குவேன், இனிமையாகிவிடும். உடனே சி மேஜர் கெட்டுவிடும். பல வாரம் இப்படியே கம்பியைத் திருகிக்கொண்டிருந்தேன். காரணம் ஃபிரெட்டிலேயே இருக்கிறது. எந்தச் சுரத்தையும் ச-வாக வைத்து வாசிக்க வசதியாக, பன்னிரண்டு இடைவெளிகளையும் சமமாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் பஞ்சமம் தம்புராவோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். 7ஆம் ஃபிரெட் கம்பியின் மூன்றில் ஒரு பங்கில் விழுகிறது, என் கிட்டாரில் 211 மி.மீ. ஆனால் தம்புராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரத்தைவிட கிட்டாரின் காந்தாரம் சற்று ஏறியிருக்கும், ஒரு ஃபிரெட்டை நூறாகப் பிரித்தால் 14 பங்கு. இ கார்டில் மூன்றாம் கம்பி காந்தாரம், சி கார்டில் அதே கம்பி பஞ்சமம். ஒன்றைச் சீராக்கினால் மற்றது கெடத்தானே செய்யும். இது தெரிந்த பிறகு ட்யூனர் சொல்வதை ஏற்றுக்கொண்டு வாசிக்கப் பழகினேன்.

வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழு வகுப்பு எனக்குச் சரிப்படவில்லை. இப்போது மாதம் இரண்டு முறை தனி வகுப்பு, மற்ற நாட்களில் வீட்டில். பெரியவர்கள் கிட்டார் தேர்வு எழுதலாமா என்றால் தாராளமாக எழுதலாம், நான் எழுதவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அம்மா பாடும்போது கூட வாசிப்பது.

அம்மாவுக்கு 72 வயது. ஒருகாலத்தில் ஐந்தரைக் கட்டையில் பாடியவர். கட்டை என்பது பாடகரின் ச எந்தச் சுருதியில் என்று சொல்லும் கணக்கு. அது தெரிந்தவர்களுக்குக் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரு ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கிளிப்) பாடமே தேவையில்லை. ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி. இப்போது அம்மாவின் குரலுக்கு நாலு கட்டை. முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு இ கார்ட் வடிவத்தைப் பிடித்தால் நாலு கட்டை வந்துவிடும். பார் கார்ட் பிடிக்க வேண்டியதே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் உட்கார்ந்தோம். இரண்டு வரி பாடிவிட்டு, "மேல எட்டலைடி, அரைக் கட்டை இறக்கு" என்றார்.

நாலுக்குக் கீழே மூன்றரை என்று ஒன்று கிடையாது, அடுத்த சுரமே மூன்று கட்டைதான். கேப்போவைக் கழற்றி வைத்தேன். ஆறாம் கம்பி சும்மா மீட்டினாலே ச. அம்மா அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார், பிறகு முதல் வரியிலிருந்து எடுத்தார்.