ஆர்வியில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள பயண வண்டியில்) கார்பெட்டை எடுத்து வினைல் போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டுத் தரை போடுபவர்களிடம் ஆர்வியை ஒப்படைக்காதீர்கள். அமெரிக்காவில் ஒரு மோட்டார் ஹோமில் நடந்த வேலை இது. கடையின் பெயர் வேண்டாம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஸ்லைடை (வண்டி நிற்கும்போது பக்கவாட்டில் வெளியே தள்ளி இடத்தைக் கூட்டும் அறைப்பகுதியை) வெளியே தள்ளி வைத்தபடியே, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் 5 மி.மீ. கிளிக் வினைல் பலகையைப் போட்டு, அப்படியே சாவியைக் கொடுத்துவிட்டார்கள். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. ஸ்லைடை உள்ளே இழுத்ததும் புதுத் தரையில் நீளமாக இரண்டு கீறல், மேல்பூச்சு சுருண்டு நிற்கிறது.

பல ஸ்லைடுகளில் உள்விளிம்பின் அடியில் இருக்கும் ரோலர் வண்டியின் தரைமேல்தான் ஓடும். கார்பெட் அமுங்கிக் கொடுக்கும், பலகை கொடுக்காது. எனவே பொருள் வாங்கும் முன்பே, ஸ்லைடு நகரும்போது பல இடங்களில் இடைவெளியை அளக்க வேண்டும். இடம் போதாவிட்டால் 2 மி.மீ. ஷீட் வினைல்தான் வழி. ரோலர் ஓடும் தடத்தில் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை வைக்கலாம்.

அடுத்த கோளாறு ஓரங்களில். கிளிக் பலகை மிதக்கும் தரை, அதாவது அடித்தரையோடு ஒட்டாமல் மேலே சும்மா கிடப்பது. சுற்றிலும் 6 மி.மீ. இடைவெளி கட்டாயம். இங்கே சுவரோடு முட்டக்கொடுத்து, ஓரப்பட்டையைப் பலகையோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். வெயிலில் பூட்டிக் கிடக்கும் வண்டியில் அது நடுவில் உப்பும், பனியில் மூட்டு விடும். பலகைப் பெட்டியைப் படித்துப் பாருங்கள்: பல தயாரிப்புகளுக்கு அறை வெப்பம் 55 முதல் 85 ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும், வண்டிகளுக்கு வாரண்டியும் கிடையாது. (ஆணி விஷயத்தில் இன்னொன்று: தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாய், வயர், ஹீட்டர் டக்ட் எல்லாம் ஓடுகிறது.)

மோசமானது கண்ணுக்குத் தெரியாதது. தொழிற்சாலையில் பெரும்பாலும் கார்பெட்டை விரித்த பிறகுதான் அலமாரிகளைப் பொருத்துவார்கள். ஆகவே ஓரத்தில் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க முடியும், பிறகு நூற்றுக்கணக்கான ஸ்டேபிள் பின்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பிடுங்காமல் விட்டால் மெல்லிய வினைலில் புள்ளி புள்ளியாகத் துருத்தும். இந்த வண்டியில் பின்கள் அப்படியே இருந்தன. அதைவிட, வாசற்படி அருகே பிளைவுட் கருத்து, குத்தூசி வைத்தால் கேக்கில் இறங்குவது போல இறங்குகிறது. அதன்மேலேயே வினைலை மூடிவிட்டார்கள். இனி ஈரம் மேலே உலர வழியில்லை, அழுகல் பரவும். ஊறிய பகுதியை வெட்டி எடுத்து, கசிவை அடைத்து, புது பிளைவுட் வைத்த பிறகுதான் தரை.

எடையையும் கேளுங்கள். 5 மி.மீ. எஸ்பிசி பலகை (கல்தூள் கலந்த பிளாஸ்டிக் நடுப்பகுதி கொண்ட வினைல் பலகை) 100 சதுர அடிக்குச் சுமார் 90 கிலோ வரும். வண்டியின் சுமை ஸ்டிக்கரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள்: கார்பெட்டும் பின்னும் நீங்கிய வெறும் பிளைவுட்டின் படம் வந்த பிறகு ஒரு பகுதி, உங்கள் கண்ணெதிரே ஸ்லைடை முழுதாக உள்ளேயும் வெளியேயும் ஓட்டிக் காட்டிய பிறகு மீதி. இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வண்டியை விடவே வேண்டாம்.