துணைநூல் பட்டியல்: கையால் அடிப்பதா, மெண்டலியா, ஜொட்டெரோவா?

மெண்டலியும் ஜொட்டெரோவும் மேற்கோள்களைச் சேர்த்து வைத்து, துணைநூல் பட்டியலைத் தாமே அமைத்துத் தரும் மென்பொருள்கள். கல்வியியல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரைக்கு நாங்கள் ஜொட்டெரோவைத்தான் எடுத்தோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற வழிகளும் சில இடங்களில் மேல்தான்.

ஒரே ஒரு கட்டுரை, பத்துப் பதினைந்து மேற்கோள்கள் என்றால் கையால் அடித்துவிடலாம். கல்வியியல் இதழ்களில் பெரும்பாலானவை கேட்கும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் நடையின் ஏழாம் பதிப்பு (2019 இறுதியில் வந்தது) முந்தையதைவிட எளிதுதான். மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதியதாக இருந்தால் கட்டுரைக்கு உள்ளே முதல் தடவையே 'மற்றும் பலர்' போட்டுவிடலாம், பதிப்பகத்தின் ஊர்ப்பெயரும் வேண்டாம். சிக்கல் மதிப்பீட்டாளரின் குறிப்புகள் வந்த பிறகுதான். அங்கே ஒரு பத்தி போகும், இங்கே இரண்டு மேற்கோள் வரும். உள்ளே இருப்பது பட்டியலில் இருக்காது, பட்டியலில் இருப்பது உள்ளே இருக்காது.

எண்ட்நோட் இதே வேலைக்குக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள். நிறுவன உரிமத்தில் சிறிது காலமே தொட்டுப் பார்த்தேன், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

மெண்டலியை 2013-இல் எல்செவியர் பதிப்பகம் வாங்கியது. இலவசமாகவே 2 ஜிபி இடம் தருகிறார்கள். ஜொட்டெரோ தருவது 300 எம்பி. பிடிஎஃப் கோப்புகளைக் குவித்து வைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 2018-இல் கணினியில் இருக்கும் நம்முடைய தரவுத்தளத்தையே மறைகுறியாக்கம் செய்தார்கள். வேறு மென்பொருள் அதை நேராகத் திறந்து படிக்க முடியாமல் போனது. ஏற்றுமதி செய்து வெளியே எடுக்கலாம்தான், இருந்தாலும் எனக்கு அது உறுத்தியது. ஜொட்டெரோ திறந்த மூலம். வேர்டு, லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இதெல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. எங்கள் முடிவைத் தீர்மானித்தது பதிவுகளைத் துப்புரவாக வைத்திருக்கும் வேலை. மெண்டலி, ஜொட்டெரோ இரண்டுமே மேற்கோள் நடைக்கு ஒரே திறந்த வரையறையைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே பதிவில் குப்பை இருந்தால் இரண்டிலும் அதே குப்பைதான் பட்டியலில் வந்து விழும். ஏபிஏ நடையில் கட்டுரைத் தலைப்பின் முதல் சொல்லுக்கும் துணைத்தலைப்பின் முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டுமே ஆங்கிலப் பெரிய எழுத்து. இதழ்களின் தளத்திலிருந்து இறங்கும் பதிவிலோ பல நேரம் சொல்லுக்குச் சொல் பெரிய எழுத்து இருக்கும். மென்பொருள் அதைத் தானாகச் சரிசெய்யாது. ஜொட்டெரோவில் தலைப்பின் மேல் வலது சொடுக்கு, ஒரு தெரிவு, முடிந்தது. அப்புறம் ஊர்ப்பெயர், சுருக்கப்பெயர்களை மட்டும் கண்ணால் ஒருமுறை பார்த்தால் போதும். மெண்டலியில் நான் பார்த்த பதிப்பில் தலைப்பை உட்கார்ந்து திருத்தித்தான் அடிக்க வேண்டியிருந்தது, இப்போது மாறியிருக்கலாம்.

கல்வித் துறைக்கே உரிய இன்னொரு தொல்லை, நிறுவனங்கள் எழுதிய அறிக்கைகள். யுனெஸ்கோ, உலக வங்கி, அமைச்சக ஆவணங்கள் இல்லாமல் நம் கட்டுரைகள் நகராது. அந்தப் பெயர்களை ஆள் பெயராக எடுத்துக்கொண்டால் வேர்ல்ட் பேங்க் 'பேங்க், டபிள்யூ.' ஆகிவிடும்! இந்த வேடிக்கை அச்சில் வந்த கட்டுரைகளிலும் உண்டு. ஜொட்டெரோவில் பெயர்க் கட்டத்துக்கு அருகில் இருக்கும் சிறு பொத்தானைத் தட்டினால் குடும்பப்பெயர், முதற்பெயர் என்ற இரண்டு கட்டமும் ஒன்றாகும். இறக்கிய அன்றே இதைச் செய்துவிட்டால் பிறகு எந்த இதழுக்கு, எந்த நடைக்கு மாற்றினாலும் பட்டியலைத் தொட வேண்டியதில்லை.

2019 முதல், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது நம் தொகுப்பில் இருந்தால் ஜொட்டெரோ சிவப்புப் பட்டையில் எச்சரிக்கிறது. எங்களுக்கு அது உதவும் நிலை வரவில்லை, ஆனால் இருப்பது நல்லது.

குறைகளும் உண்டு. கூகுள் டாக்ஸில் மேற்கோள் கூடக்கூட ஜொட்டெரோ மந்தமாகிறது. அங்கிருந்து கோப்பை வெறுமனே வேர்டாக இறக்கினால் மேற்கோள் இணைப்புகள் அறுந்துபோகும்; ஜொட்டெரோவிலேயே உள்ள மாற்றும் வசதி வழியாகத்தான் போக வேண்டும். கூட்டாக எழுதுவோர் எந்தச் செயலியில் எழுதுவது என்பதைத் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மெண்டலியில் ஏற்கெனவே பெரிய தொகுப்பை ஒழுங்காக வைத்திருப்பவரை மாறச் சொல்ல மாட்டேன். புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு ஜொட்டெரோவுக்கு. அனுப்பும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆசிரியர் பெயர் மறைத்த மதிப்பீட்டுக்கு நம்முடைய பழைய கட்டுரைகளை 'ஆசிரியர், 2019' என்று மாற்றுவோம் அல்லவா? பார்வைக்கு மட்டும் மாற்றினால் போதாது. மேற்கோளுக்கு உள்ளே ஜொட்டெரோ வைக்கும் மறைவான தரவில் நம் பெயர் அப்படியே இருக்கும். கோப்பை நகல் எடுத்து, நகலில் மேற்கோள் இணைப்புகளை நீக்கி, அதன் பிறகு பெயரை மாற்றி, கோப்பின் பண்புகளில் இருக்கும் ஆசிரியர் பெயரையும் அழித்துவிட்டு அனுப்புங்கள். இணைப்புள்ள மூலக் கோப்பு திருத்தச் சுற்றுக்கு வேண்டும், அதைத் தொடாதீர்கள்.