அண்ணன் கழித்த சட்டை: சிகாகோவின் இரண்டு பேஸ்பால் அணிகளும் வானொலி உரிமையும்

1971-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டங்களை ஒலிபரப்ப நகரத்தின் பெரிய வானொலி நிலையம் எதுவும் முன்வரவில்லை. முந்தைய ஆண்டு 106 தோல்விகள். சீசன் முழுக்க மைதானத்துக்கு வந்தவர்களைக் கூட்டினாலும் ஐந்து லட்சம் தேறவில்லை. கடைசியில் லா கிராஞ்ச், எவன்ஸ்டன் என்ற புறநகர்களின் குட்டி நிலையங்கள்தான் கைகொடுத்தன. புதிதாக வந்த வர்ணனையாளர் ஹாரி கேரேயிடம் அணி ஒரு ஏற்பாடு பேசியது: கூட்டம் ஏறினால் உங்கள் சம்பளமும் ஏறும். 1973-ல் கூட்டம் 13 லட்சத்தைத் தாண்டியது. டிக் ஆலன் மாதிரி ஒரு அடிக்காரர் அணிக்கு வந்ததற்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் குட்டி நிலையத்தில் ஒலித்த ஒரு குரல் கூட்டம் சேர்க்க உதவியது என்பதை மறுக்க முடியாது.

அதே நகரத்தின் வடக்குப் பக்கத்தில் கதையே வேறு. கப்ஸ் அணி 1958 முதல் டபிள்யூ.ஜி.என். நிலையத்தில் இருந்தது; அதன் அலைவரிசை எண் 720. ஐம்பதாயிரம் வாட் சக்தி, இரவில் ஏ.எம். அலை வானில் பட்டுத் திரும்பி பல மாநிலங்கள் தாண்டியும் விழும். நிலையம் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை நிறுவனத்துடையது. 1981-ல் அந்த நிறுவனம் கப்ஸ் அணியையே வாங்கிவிட்டது. அதன்பிறகு, ஆட்டங்களை ஒலிபரப்ப நிலையம் அணிக்குத் தரும் உரிமைத் தொகை என்பது வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றும் பணம்தான்.

பேஸ்பாலில் வானொலிக்கு ஏன் இன்னும் இந்த மவுசு என்று கேட்கலாம். ஒரு அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். ஆறு மாதம், ஏறக்குறைய தினமும், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். யாராலும் அத்தனையையும் டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது. காரிலும் சமையலறையிலும் பட்டறையிலும் காதுதான் துணை.

பணம் கைமாறும் விதத்திலும் வழிகள் உண்டு. நிலையம் அணிக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு விளம்பரத்தைத் தானே விற்கலாம். விளம்பர வருமானத்தை இருவரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். அல்லது அணியே நிலையத்தின் நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பரமும் தானே பிடிக்கலாம். முதல் வழியில் நஷ்டம் நிலையத்தின் தலையில், கடைசி வழியில் அணியின் தலையில்.

2009-ல் ரிக்கெட்ஸ் குடும்பம் கப்ஸை வாங்கியதும் அந்த ஒரே வீட்டு உறவு முடிந்தது. 57 சீசன்களுக்குப் பிறகு 2015-ல் கப்ஸ், சி.பி.எஸ். நிறுவனத்தின் செய்தி நிலையமான 780-க்கு நகர்ந்தது. மறு ஆண்டே அதே நிறுவனத்தின் விளையாட்டு நிலையமான 670-க்கு மாற்றம். அந்த 670-ல் பத்து ஆண்டுகளாக இருந்தது யார்? ஒயிட் சாக்ஸ். அண்ணன் உள்ளே வர, தம்பி வெளியே.

சாக்ஸ் 890-க்குப் போனது. அங்கே நிலைய உரிமையாளரான க்யூமுலஸ் 2017 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டது; சாக்ஸ் ஒப்பந்தத்தையும் உதறியது. பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில் வீடு தேட வேண்டிய நிலை. 2018-ல் யார் சேர்த்துக்கொண்டார்கள் தெரியுமா? கப்ஸ் காலி செய்துவிட்டுப் போன அதே 720. மூன்று சீசன் அங்கே. 2021-ல் ஈ.எஸ்.பி.என். 1000. அதாவது 2015-க்கும் 2021-க்கும் இடையில் நான்கு அலைவரிசைகள். காரில் ரேடியோ பட்டனை அழுத்தும் ரசிகர் என்ன பாடுபட்டிருப்பார்!

இது சிகாகோவின் தனிக் குணம் என்று நினைத்திருந்தேன். நியூயார்க்கைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. அங்கேயும் இரண்டு பேஸ்பால் அணிகள்; 2013 வரை யாங்கீஸ் 880-லும் மெட்ஸ் 660-லும் இருந்தன. இரண்டும் ஒரே சி.பி.எஸ். வீடு. 2014-ல் யாங்கீஸ் 660-க்கு மாற, 1980-களின் கடைசியிலிருந்து அங்கே இருந்த மெட்ஸ் 710-க்குப் பெயர்ந்தது. 2019-ல் மெட்ஸ் வந்து உட்கார்ந்த இடம் 880, யாங்கீஸ் விட்டுப்போன நாற்காலி. இரண்டு நகரத்திலும் அண்ணன் போட்டுக் கழித்த சட்டைதான் தம்பிக்கு.

அதற்காகத் தம்பியைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டியதில்லை என்பது என் கட்சி. கழித்த சட்டையும் ஐம்பதாயிரம் வாட் சட்டைதான். பெரிய விருந்தில் இரண்டாம் பந்தியில் உட்காருவதைவிட, நமக்கென்று இலை போட்டிருக்கும் வீடு மேல். 2024 ஆகஸ்டில் 880-ன் செய்தி ஒலிபரப்பு முடிந்து அது ஈ.எஸ்.பி.என். விளையாட்டு நிலையமானபோது, மெட்ஸ் அங்கேயே தங்கியது. நாள் முழுக்க விளையாட்டு பேசும் நிலையம், அதில் தான் மட்டுமே பேஸ்பால் அணி. யாங்கீஸ் விட்டுப்போனபோது இருந்ததைவிட நல்ல இடம் அது. சாக்ஸுக்கு 1000-ல் அவ்வளவு வசதி இல்லை. 2023 முதல் சிகாகோ பேர்ஸ் கால்பந்தும் அதே நிலையத்துக்கு வந்துவிட்டது. செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்கக் கால்பந்தோடு மோதி பேஸ்பால் ஜெயிக்காது.

வாட் கணக்கையும் அலைவரிசை எண்ணையும்விட ரசிகரை இழுத்து வைப்பது குரல்தான். கப்ஸ் இரண்டு முறை நிலையம் மாறியபோதும் கேட்பவருக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. 1996 முதல் பாட் ஹியூஸ்தான் வர்ணிக்கிறார். 2016-ல் கப்ஸ், சீசனின் இறுதிக் கோப்பைத் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்ற கடைசி பந்தைச் சொன்னவரும் அவரே. அதற்கு முன் அந்த அணி வென்றது 1908-ல். அப்போது ஆட்டத்தை ஒலிபரப்ப வானொலியே கிடையாது. ஆகவே கப்ஸ் கோப்பை வென்றது என்ற வரியைச் சொன்ன முதல் கப்ஸ் வானொலிக்காரர் அவர்தான்.

குரல் கட்சி மாறியதும் உண்டு. சாக்ஸின் புதிய முதலாளிகள் ஆட்டங்களைக் கட்டண டி.வி.க்குக் கொண்டுபோக முனைந்தபோது, ஹாரி கேரே 1982-ல் கப்ஸுக்குத் தாவினார். சாட்டிலைட் வழியாக நாடெங்கும் போன டபிள்யூ.ஜி.என். டி.வி. அவரைத் தேசியப் பிரபலமாக்கியது. நகரத்தின் தெற்குப் பக்கத்துச் சாக்ஸ் ரசிகர்கள் பலர் இன்னும் அதை மறக்கவில்லை.

எதிர்த் திசையில் போனவர் லென் கேஸ்பர். 2005 முதல் கப்ஸின் டி.வி. குரல். 2020 டிசம்பரில் அதை விட்டுவிட்டு சாக்ஸின் வானொலிக்கு வருவதாக அறிவித்தார். டி.வி.யை விட்டு ரேடியோவுக்கா என்று பலர் புருவம் உயர்த்தினார்கள். காரணம் உரிமைக்குள் ஒளிந்திருக்கிறது. வேர்ல்ட் சீரிஸ் டி.வி. உரிமை தேசிய நிறுவனத்துக்குப் போய்விடும், உள்ளூர் டி.வி. வர்ணனையாளர் சோபாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். உள்ளூர் வானொலி மட்டும் கடைசி பந்து வரை தன் அணியோடு போகும். அந்த ஒரு மைக்குக்காகத்தான் கேஸ்பர் வந்தார். முதல் சீசனில் சாக்ஸ் தன் பிரிவை வென்று, அடுத்த சுற்றிலேயே ஹூஸ்டனிடம் தோற்றது. நான்காவது சீசனில், 2024-ல், 121 ஆட்டங்களில் தோற்றது.