ஐஸ் பெட்டிக்கு தெர்மாகோலா, பஃப்பா?

குளச்சலில் மாமாவின் வள்ளத்து ஐஸ் பெட்டியைப் பிரித்தோம். சுவருக்குள் இருந்த தெர்மாகோல் உப்புத்தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. தூக்கினால் விளிம்பில் சொட்டியது. ஐஸ் ஏன் சீக்கிரம் கரைந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

தெர்மாகோல் மலிவு, கத்தி இருந்தால் நாமே வெட்டிப் பொருத்தலாம். ஆனால் 5 செ.மீ. பஃப் (பாலியூரித்தேன் என்கிற கெட்டி நுரை) தடுக்கிற வெப்பத்தைத் தடுக்க இது ஏறக்குறைய 8 செ.மீ. வேண்டும். மீன் வைக்கிற இடம் அதிலேயே போய்விடும்.

பஃப்புக்குக் காசு கூட. ஈரம் சுலபத்தில் ஏறாது. ஃபைபர் பூச்சு விரிசல் விட்டால் அதுவும் நனையும்.

ஒரு ராத்திரித் தொழிலுக்குத் தெர்மாகோல் போதும். இரண்டு மூன்று நாள் தங்கல் என்றால் நான் பஃப் பக்கம்தான். அதற்கு முன் மூடி ரப்பரைப் பாருங்கள். எங்கள் பெட்டியில் விரல் நுழையும் இடைவெளி. மாமா அதில் சாக்கைத் திணித்து வைத்திருந்தார்.