தொப்பூர் ஏற்றத்தில் கரையும் ரேஞ்ச்: கிரெட்டா எலெக்ட்ரிக்குடன் 14 மாதம்

வண்டி வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். “ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?” முதல் இரண்டு மாதம் 400 என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் “எந்தப் பக்கம் போறீங்க?” என்று திருப்பிக் கேட்கிறேன். கேட்பவர்களுக்கு அது நக்கலாகத் தெரிகிறது. ஆனால் பெங்களூரில் குடியிருந்துகொண்டு மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய்வருகிறவனிடம் இதைவிட நேர்மையான பதில் இல்லை.

ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்கை 2025 மார்ச்சில் எடுத்தேன். 51.4 கிலோவாட் அவர் பேட்டரி உள்ள பெரிய மாடல். வீடு பானஸ்வாடி, ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டி, வாரம் மூன்று நாள் போக வேண்டும். இதுவரை 23,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சீட், ஸ்பீக்கர், சன்ரூஃப் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை, அதற்கு ஷோரூமில் ஆள் இருக்கிறார்கள். ரேஞ்சும் சார்ஜும் மட்டும்.

நான் வாங்கியபோது கம்பெனி சொன்ன ரேஞ்ச் 473 கிலோமீட்டர். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அது வேறொரு உலகத்தின் உண்மை. நம் நாட்டுச் சோதனை முறையில் வண்டியை உருளைகளின் மேல் ஏற்றி, ஏசி போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டிப் பார்க்கிறார்கள். எதிர்க்காற்றும் கிடையாது, மேடும் கிடையாது. எல்லாக் கம்பெனிக்கும் இதே அளவுகோல்தான். டாடா மாதிரி சில கம்பெனிகள் நடைமுறையில் கிடைக்கும் ரேஞ்ச் என்று இன்னொரு எண்ணையும் தாங்களே சொல்கின்றன. 45 கிலோவாட் அவர் பேட்டரி உள்ள டாடா நெக்ஸானுக்குச் சோதனைக் கணக்கு 489, நடைமுறைக் கணக்கு 350-ஐ ஒட்டி.

ஒரு மாதத்திலேயே ரேஞ்சைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கப் பழகிவிட்டேன். கிலோவாட் அவர் என்பது வேறொன்றுமில்லை, வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். 51 யூனிட் பிடிக்கும் டேங்க், யூனிட்டுக்கு இத்தனை மைலேஜ் என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஊருக்குள் எனக்குக் கிடைப்பது ஏழரையிலிருந்து எட்டு. அதாவது முழு சார்ஜில் 380 முதல் 400 வரை. சில்க் போர்டு நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தாலும் இது பெரிதாகக் குறைவதில்லை. பெட்ரோல் வண்டியில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். நின்றால் மோட்டார் எதையும் குடிப்பதில்லை. மெதுவாகப் போனால் காற்று தடுப்பதில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் பேட்டரிக்குத் திரும்புகிறது. பெங்களூர் வெயிலுக்கு ஏசியும் அதிகம் வேலை செய்வதில்லை. எலெக்ட்ரிக் வண்டிக்கென்றே அமைந்த ஊர் என்று இதைச் சொல்லலாம், சாலையில் குழி இல்லாமல் இருந்தால்.

ஹைவேயில் கதை மாறும். க்ரூஸ் கண்ட்ரோலில் வேகத்தை 80-இல் வைத்தால் ஏழரை கிடைக்கிறது. 100-இல் ஆறேகால். ஒருமுறை அவசரமாக ஒரு சாவு வீட்டுக்குப் போனபோது 115-இல் அழுத்தினேன், ஐந்தரைக்குக் கீழே வந்துவிட்டது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். 80-இலிருந்து 100-க்குப் போனால் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. எஸ்யூவி என்கிற பெயரில் பீரோ மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு காற்றைக் கிழித்தால் அதற்கு விலை உண்டு.

சரி, இப்போது தொப்பூருக்கு வருகிறேன்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சேலம் 300-க்கும் கீழே. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று சாலை படிப்படியாக இறங்கி, தொப்பூர் கணவாயில் ஒரேயடியாகச் சரிகிறது. லாரிக்காரர்கள் பயப்படும் அந்த இறக்கத்தில் எனக்கு மட்டும் கொண்டாட்டம். பிரேக்கைத் தொடாமல் ரீஜெனிலேயே, அதாவது மோட்டாரே வேகத்தைப் பிடித்து அதை மின்சாரமாகப் பேட்டரிக்குத் திருப்பும் முறையிலேயே, இறங்கினால் பேட்டரி ஒன்றிரண்டு சதவீதம் ஏறியே விடுகிறது. 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேலத்தை யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் கணக்கில் தொடும்போது, உலகத்திலேயே சிறந்த வண்டியை வாங்கிவிட்டதாக ஒரு நினைப்பு வரும்.

திரும்பும்போது அந்த 600 மீட்டரையும் ஏற வேண்டும். ஆட்களும் மூட்டைகளுமாக இரண்டு டன்னுக்குப் பக்கமான எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் மூன்று யூனிட்டுக்கு மேல் ஆகும். இது எந்தக் கம்பெனி வண்டியானாலும் மாறாத கணக்கு. அதே சாலை, அதே வேகம், ஆனால் யூனிட்டுக்கு ஐந்தே முக்கால்தான் வருகிறது.

இது புரிவதற்கு முன்னால் அடி வாங்கினேன். 2025 மே மாதம் மதுரையிலிருந்து முழு சார்ஜுடன் கிளம்பினோம். பின்சீட்டில் மனைவியும் மாமியாரும், டிக்கியில் ஒரு கூடை மாம்பழம். சேலம் வரும்போது 32 சதவீதம் இருந்தது, திரை 118 கிலோமீட்டர் போகும் என்றது. நான் வழக்கமாக நிறுத்த நினைத்திருந்த கிருஷ்ணகிரி 110 கிலோமீட்டர். எட்டு கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறதே என்று சேலத்தில் இருந்த சார்ஜரைத் தாண்டிப் போனேன். திரை பொய் சொல்லவில்லை. இதுவரை வந்த சமவெளி மைலேஜை வைத்து அது கணக்குப் போட்டிருக்கிறது, முன்னால் மலை இருப்பதை நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

தொப்பூர் ஏற்றத்தில் சதவீதம் குறைந்த வேகத்தைப் பார்த்து எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. ஏசியை அணைத்தேன். லாரிக்குப் பின்னால் 50-இல் ஒட்டிக்கொண்டேன். கத்திரி வெயில். “மாப்பிள, கண்ணாடியாவது இறக்கிக்கலாமா?” என்று மாமியார் கேட்டார். காற்றுத் தடை கூடும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இறக்கினேன். தருமபுரியில் சார்ஜரைத் தொட்டபோது 8 சதவீதம். அங்கே இருந்த இரண்டு கன்னில் (வண்டியில் செருகும் கேபிள் முனை) ஒன்று வேலை செய்யவில்லை. இன்னொன்றில் ஒரு டாக்ஸி நின்றுகொண்டிருந்தது.

ஏற்றம் தவிர இன்னும் இரண்டு திருடர்கள் உண்டு. ஒன்று, கரூர் தாண்டி அரவக்குறிச்சிப் பக்கம் ஆடி மாதத்தில் அடிக்கும் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பக்கவாட்டில் மோதும்போது யூனிட்டுக்கு அரை கிலோமீட்டர் போய்விடுகிறது. சாலையோரம் காற்றாலைகளைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். இரண்டாவது ஏசி. அது கிலோமீட்டருக்குச் செலவாவதில்லை, மணிக்குச் செலவாகிறது. மே மாத மதுரைக்குள் மெதுவாகச் சுற்றினால்தான் அதன் பசி தெரியும்.

இனி சார்ஜ். 10-இலிருந்து 80 சதவீதம் 58 நிமிடம் என்பது 50 கிலோவாட் சார்ஜருக்கு கம்பெனி சொல்லும் கணக்கு. அந்த 70 சதவீதம் என்பது 36 யூனிட். 58 நிமிடத்தில் 36 யூனிட் என்றால் சராசரி 37 கிலோவாட்தான், 50 இல்லை. என் அனுபவமும் இதற்குப் பக்கத்தில்தான், நல்ல சார்ஜர் கிடைத்தால். வயிறு காலியாக இருக்கும்போது வேகமாகச் சாப்பிடும், நிறைய நிறைய மெதுவாகும். 80-க்கு மேல் நிற்பது நமக்கும் நஷ்டம், பின்னால் காத்திருப்பவருக்கும் நஷ்டம். அதனால் ஹைவேயில் இது 51 யூனிட் வண்டி கிடையாது, 36 யூனிட் வண்டி. ஆறால் பெருக்கினால் 215. அதுதான் ஒரு சார்ஜருக்கும் அடுத்த சார்ஜருக்கும் நடுவே நான் நம்புகிற தூரம்.

சார்ஜர் பெட்டியில் 60 கிலோவாட் என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்பக்கூடாது. பல இடங்களில் இரண்டு கன்னுக்கும் சேர்த்துத்தான் அந்த 60. நாம் சுகமாக 45-இல் ஏற்றிக்கொண்டிருப்போம், பக்கத்தில் ஒரு வண்டி வந்து செருகியதும் 30 ஆகிவிடும். அவர் மேல் கோபப்படவும் முடியாது. போன பொங்கலுக்கு முந்தின நாள் கிருஷ்ணகிரியில் ஒரு ஹோட்டல் வாசலில் எனக்கு முன்னால் மூன்று வண்டிகள். “அண்ணா, எத்தனை பர்சென்ட்ல எடுப்பீங்க?” என்று ஒரு தம்பி ஒவ்வொருவரிடமும் பணிவாகக் கேட்டுக்கொண்டே வந்தார். 80 என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருவர் மட்டும் 100 வைத்தே தீருவேன் என்று உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நான் கிளம்பும்போது இரண்டேகால் மணி நேரம் ஆகியிருந்தது. அதில் கன் என் வண்டியில் இருந்தது 40 நிமிடம்தான்.

ஆப் தொல்லை தனி. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொன்றிலும் முன்பணம். என் காசு இப்போது ஐந்து ஆப்களில் சில்லறையாகக் கிடக்கிறது. ஒரு தடவை சார்ஜ் முடிந்தும் கன் கழலவே இல்லை. உதவி எண்ணைக் கூப்பிட்டு, அவர்கள் அங்கிருந்து சார்ஜரை அணைத்து மீண்டும் போட்ட பிறகு விட்டது. இருபது நிமிடம் போயிற்று.

நண்பர் ஒருவர் மஹிந்திரா பிஇ 6 வைத்திருக்கிறார், 79 யூனிட் பேட்டரி. 175 கிலோவாட் சார்ஜரில் 20-இலிருந்து 80 வரை 20 நிமிடம் என்பது கம்பெனி கணக்கு. எங்கள் மதுரை ரோட்டில் நாங்கள் நிறுத்துகிற இடங்களில் இருப்பது 60 கிலோவாட் பெட்டிதான். அதில் அவர் என்னைவிட அதிக நேரம் நிற்கிறார், டேங்க் பெரிது, குழாய் ஒன்றே. ஆனால் அவர் சேலம் தாண்டியும் நிறுத்த வேண்டியதில்லை, எனக்கு அது முடியாது. என்னிடம் கேட்டால் அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் சார்ஜ் வேகத்தைவிடப் பேட்டரி அளவுக்கே காசு கொடுக்கலாம்.

வீட்டில் சார்ஜ் செய்வதில் சிக்கல் மின்சாரம் இல்லை, மனிதர்கள்தான். அபார்ட்மெண்ட் சங்கத்தில் அனுமதி வாங்க நான்கு மாதம். “ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க” என்பதுதான் அவர்கள் வாதம். கடைசியில் என் மீட்டரிலிருந்தே என் செலவில் கேபிள் இழுத்துக்கொண்டேன். போட்டது வெறும் 15 ஆம்பியர் பிளக். மணிக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் ஏறும். ஆபீஸ் போய்வர 56 கிலோமீட்டர், ஏழெட்டு யூனிட்தான் செலவு, ராத்திரி மூன்று மணி நேரம் போதும். இந்த அளவு ஓட்டத்துக்குப் பெரிய சுவர் சார்ஜர் தேவையே இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். வண்டிக்குள் பத்து யூனிட் போக மீட்டரில் பதினொன்று ஓடும், மிச்சம் சூடாகப் போகிறது.

மதுரையில் மாமனார் வீடு பழைய வீடு. எர்த் சரியில்லை என்று சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி அடம்பிடித்தது. எலெக்ட்ரீஷியன் கொல்லையில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டுப் புதிதாக எர்த் அடித்த பிறகு பச்சை வந்தது. இத்தனை வருடம் அந்த வீட்டில் ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் எர்த் இல்லாமலே ஓடியிருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது.

பணக் கணக்கு சுருக்கமாக. வீட்டு மின்சாரத்தில் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம். ஹைவே சார்ஜர்களில் நான் கொடுத்தது வரியோடு யூனிட்டுக்கு 20 முதல் 24 ரூபாய், கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய்க்கு மேல் போகிறது. பழைய பெட்ரோல் வண்டிக்கு எட்டு ரூபாய் ஆயிற்று.

இப்போது திரும்பும் வழியில் சேலத்திலேயே நிறுத்தி, 80 ஏறிய பிறகுதான் மலை ஏறுகிறேன். போன மாதம் சேலம் நெருங்கியதுமே பின்சீட்டிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, “எத்தனை பர்சென்ட் இருக்கு மாப்பிள?” என்றார். நாற்பது என்றேன். “அப்ப காபி குடிச்சிட்டே போவோம்” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.